ராக் எதைக் கழற்றி வைக்கிறது

ராக் என்றாலே கோபம், கோபம் என்றாலே சத்தம், சத்தம் போட்டுவிட்டால் மனபாரம் இறங்கிவிடும் என்று ஒரு கணக்கு ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ராக் பிடிக்காதவர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், பிடித்தவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள், மற்றபடி இரண்டு பக்கமும் சொல்வது ஒன்றேதான். எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. கொலை, போர், வன்புணர்வு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பது, கடவுள் கைவிட்டுவிட்டார் என்று மனசு வெறுத்துப் போவது, இப்படி நிஜமாகவே பெரிய அடி விழுந்த இடத்திலிருந்து வந்த பாட்டுகளை எடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் நான் திரும்பத் திரும்பப் போகிற பாட்டுகள் பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டியவை இல்லை. ஏதோ ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தவை. ஒன்றில் சொல்லே கிடையாது, ஒன்றில் வாத்தியம் கிடையாது, இன்னொன்றில் டிரம்ஸை எடுத்துவிட்டார்கள், வேறொன்றில் முழு பேண்டையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் எழுதத் தோன்றியது. எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது, பொருந்தாத ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸில் தொடங்கலாம், எல்லோரும் சொல்லும் உதாரணம்தான் என்றாலும் பரவாயில்லை. 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, வுட்ஸ்டாக் மேடை. ஞாயிறோடு முடிந்திருக்க வேண்டிய விழா இழுத்துக்கொண்டே போனதில் கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போயாகிவிட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸே 1961-62-இல் ராணுவத்தின் 101-ஆவது ஏர்போர்ன் டிவிஷனில் இருந்தவர், பாராசூட்டில் குதிக்கப் பழகியவர். அவர் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசிக்கிறார். அந்தக் கீதத்தின் வரிகளிலேயே ராக்கெட் சீறுவதும் குண்டு வெடிப்பதும் இருக்கின்றன, காலம் காலமாக மக்கள் நெஞ்சில் கை வைத்துப் பாடிவிட்டுப் போகிற வரிகள். அந்த இடம் வந்ததும் மெட்டை விட்டுவிட்டு, ஃபீட்பேக்கையும் (ஆம்ப்ளிஃபையர் ஊளையிடும் ஒலி) டிஸ்டார்ஷனையும் (கிடார் ஒலியைக் கரகரப்பாக உடைப்பது) வைத்து அந்தச் சீறலையும் வெடிப்பையும் அப்படியே எழுப்பிக் காட்டுகிறார். நடுவில், ராணுவ வீரர்களை அடக்கம் செய்யும்போது பியூகிளில் ஊதுகிற ‘டாப்ஸ்’ மெட்டு கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஒரு வார்த்தை பாடவில்லை. பாடியிருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியிருப்பார்கள். அப்புறம் ஒரு டிவி பேட்டியில், மரபை மீறி வாசித்தால் வசைக் கடிதம் வருமே என்கிற மாதிரி பேட்டி எடுத்த டிக் கேவெட் பேச்சை எடுக்க, தனக்கு அது அழகாகத்தான் பட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தப் பதிலும் வாசிப்பு மாதிரியேதான், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிற பதில்.

அடுத்த வருடம் 1970 மே 4, ஓஹையோ மாகாணத்தில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். போரை எதிர்த்துத் திரண்ட மாணவர்கள் மீது நேஷனல் கார்டு என்ற துணை ராணுவப் படையினர் 13 நொடியில் 67 தடவை சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு நீல் யங் ‘ஓஹையோ’ பாட்டை எழுதினார், மே 21-ஆம் தேதி கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரோடும் சேர்ந்து ஸ்டுடியோவில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிந்தார்கள், ஜூனில் பாட்டு கடைக்கு வந்துவிட்டது. இன்றைக்குப் பாட்டு ஒன்றை இரவில் எழுதிக் காலையில் இணையத்தில் போடலாம், அன்றைக்கு இந்த வேகம் சாதாரணமில்லை. பாட்டில் பெரிதாக எதுவும் இல்லை, சொற்கள் ரொம்பக் குறைவு, அன்றைய ஜனாதிபதி நிக்சனின் பெயர் நேராக வருகிறது, செத்தவர்களின் எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. முடிவில் குரல்கள் மங்கிக்கொண்டு போகும்போது டேவிட் கிராஸ்பி ஏன், ஏன், இன்னும் எத்தனை பேர் என்று கத்துகிறார். பதிவு முடிந்ததும் அவர் உடைந்து அழுதுவிட்டார் என்பது எல்லோரும் எழுதியதுதான். அந்த அழுகை ரெக்கார்டில் இல்லை. அழுகைக்குச் சற்று முன்னால் வரைக்கும்தான் பாட்டு போகிறது, அதுதான் எனக்கு அதில் பிடித்தது.

அதே கென்ட் ஸ்டேட்டிலிருந்து இன்னொரு பதிலும் வந்தது, இதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜெரால்ட் கசேல் அன்று அந்த மைதானத்தில் இருந்த மாணவர். செத்த நான்கு பேரில் இரண்டு பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். அதுவரைக்கும் தான் ஒரு ஹிப்பி, அன்றோடு அது முடிந்துவிட்டது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அவரும் மார்க் மதர்ஸ்பாவும் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட்தான் டீவோ. மனிதன் முன்னேறவில்லை, பின்னால் போய்க்கொண்டிருக்கிறான் (டீ-எவல்யூஷன்) என்பதுதான் பெயருக்கே அடிப்படை. ஒரே மாதிரிச் சீருடை, பொம்மை மாதிரி அசைவு, உணர்ச்சி வற்றிய குரல். காமெடி பேண்ட் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள் நிறைய. நண்பர்கள் சுடப்பட்டதைப் பார்த்த ஒருவன், இனிமேல் மனிதன் மாதிரிப் பாடமாட்டேன் என்று முடிவெடுத்ததன் விளைவு அது என்று தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை. நீல் யங் கழற்றி வைத்தது அலங்காரத்தை. டீவோ கழற்றியது சூட்டை.

இதெல்லாம் பொதுவெளியில் நடந்த வன்முறை. தன் உடம்பின் மீது நடந்ததைப் பாடுவது வேறு சங்கதி.

டோரி ஏமஸின் முதல் தனி ஆல்பம் 1992-இல் வந்தது. அதில் ‘மி அண்ட் எ கன்’ என்று ஒரு பாட்டு. ஏமஸ் பியானோவில் உட்கார்ந்தால் எழுந்திருக்காதவர், சின்ன வயதிலேயே இசைப் பள்ளியில் சேர்ந்தவர், அவருடைய மற்றப் பாட்டுகளில் பியானோதான் பாதி பேச்சைப் பேசும். இந்த ஒரு பாட்டில் பியானோ இல்லை. எதுவுமே இல்லை. வெறும் குரல். இருபதுகளின் தொடக்கத்தில் தனக்கு நடந்த வன்புணர்வைப் பற்றிய பாட்டு. அதில் என்னை உலுக்குவது நடந்ததைச் சொல்லும் வரிகள் இல்லை, நடக்கும்போது மனசு எங்கெங்கே ஓடியது என்று சொல்லும் வரிகள். ஏதோ ஒரு ஊரின் பிஸ்கட் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று ஒரு நினைப்பு, பார்படோஸை இன்னும் பார்க்கவில்லையே, அதனால் உயிரோடு இங்கிருந்து போயாக வேண்டும் என்று ஒரு நினைப்பு. நடுவில் கிறித்தவத் துதி ஒன்றும் வாயில் வருகிறது. அவர் அப்பா மெதடிஸ்ட் போதகர், கோயில் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர், அதனால் அந்தத் துதி அங்கே வருவது நம்பிக்கையா, பழக்கமா, கேலியா என்று பிரித்தே சொல்ல முடியவில்லை. அதிர்ச்சி பற்றி உளவியல் கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதுவதை, அதாவது அந்த நேரத்தில் மனசு உடம்பை விட்டுத் தள்ளி நின்றுகொள்ளும் என்பதை, ஒரு பிஸ்கட்டை வைத்துச் சொல்லிவிட்டார். இதற்குப் பின்னால் ஒரு கிடாரோ ஒரு வயலினோ வந்திருந்தால் நமக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்திருக்கும். கொடுக்கவில்லை. 1994-இல் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்காக அமெரிக்காவில் ரெயின் அமைப்பு தொடங்கியபோது அதற்கு முன்னின்று குரல் கொடுத்தவரும் இவர்தான்.

அயர்லாந்துப் பாடகி ஷினெய்ட் ஓ’கானரும் வாத்தியங்களை நிறுத்திவிட்டுத்தான் பாடினார். 1992 அக்டோபர் 3, அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நேரலை. பாப் மார்லியின் ‘வார்’ பாட்டு, அதாவது எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1963-இல் ஐநா சபையில் பேசிய பேச்சிலிருந்து வந்த வரிகள். நிறவெறியைப் பற்றிய இடத்தில் குழந்தைகள் மீதான கொடுமையைச் சேர்த்துப் பாடினார். முடிவில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தை எடுத்துக் கேமராவைப் பார்த்தபடியே கிழித்துப் போட்டார். அது கடையில் வாங்கிய படம் இல்லை. அவருடைய அம்மாவின் அறையில் சுவரில் இருந்த படம், அம்மா இறந்ததும் எடுத்து வைத்துக்கொண்டது. அந்த அம்மா அவரைச் சின்ன வயதில் அடித்து நொறுக்கியவர். வீட்டில் நடந்த வன்முறையும் திருச்சபை மூடி மறைத்த வன்முறையும் அவருக்கு ஒரே தாளில் இருந்தன, அதனால்தான் அந்தத் தாள்.

ஸ்டுடியோவில் ஒருவரும் கை தட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 16-ஆம் தேதி, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் டிலனின் முப்பதாண்டு விழா. மேடைக்கு வந்ததும் கூட்டம் கூச்சலிட ஆரம்பித்துவிட்டது. அவர் பாட வேண்டியிருந்தது டிலன் கிறித்தவராக மாறிய காலத்தில் எழுதிய ‘ஐ பிலீவ் இன் யூ’, எல்லோரும் கைவிட்டாலும் உன்னை நம்புகிறேன் என்று கடவுளிடம் சொல்கிற மெல்லிய பாட்டு. அந்தக் கூச்சலில் அதைப் பாட முடியாது. வாசிக்க வந்தவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு அதே ‘வார்’ பாட்டை, பாட்டென்றுகூடச் சொல்ல முடியாது, கத்தினார். பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் பக்கத்தில் வந்து தேற்றினார். புரட்சி, எதிர்ப்பு என்று முப்பது வருடமாகப் பேசிய ராக் ரசிகர்கள் கூட்டம்தான் அன்று அவரைக் கூச்சலிட்டு விரட்டியது, இதை ராக் வரலாறு எழுதுகிறவர்கள் கொஞ்சம் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். 2001-இல் அதே போப் பாதிரிகளின் பாலியல் குற்றங்களுக்காக வருத்தம் தெரிவித்தார். 2009-இல் அயர்லாந்தில் ரயன் அறிக்கை வந்தது, திருச்சபை நடத்திய விடுதிகளில் குழந்தைகள் பட்டதெல்லாம் அச்சில் வந்தது. ஓ’கானர் அதற்கிடையில் கடவுளை விட்டுவிடவில்லை, அதுதான் விஷயம். ஒரு தனித்த கத்தோலிக்கக் குழுவில் பாதிரியாகப் பட்டம் பெற்றார், 2018-இல் இஸ்லாத்துக்கு மாறினார், 2023-இல் இறக்கும்வரை தேடிக்கொண்டேதான் இருந்தார். படத்தைக் கிழித்தவரை நாத்திகர் என்று நினைத்துக்கொண்டவர்கள் அவரைப் பாதிகூடக் கேட்கவில்லை.

சரி, ராக்கின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். வன்முறையை இரவல் வாங்கி அணிந்துகொள்வது. செயற்கை ரத்தம், மண்டை ஓடு, சாத்தான், கொலைகாரர்களின் பெயர்கள். இதில் ஒரு பதின்பருவக் கிளுகிளுப்பு இருக்கிறது, அதை நான் ஒரேயடியாக வெறுக்கவில்லை. ஆனால் எல்லை எங்கே என்று ஒரு சம்பவம் காட்டிவிட்டது. நைன் இன்ச் நெயில்ஸின் டிரென்ட் ரெஸ்னர் 1994-இல் வெளியிட்ட ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலஸில் 10050 சியெலோ டிரைவ் என்ற வீட்டில் பதிவு செய்தார். 1969-இல் மேன்சன் கும்பல் நடிகை ஷெரோன் டேட்டையும் கூட இருந்தவர்களையும் கொன்ற வீடு. கொலைகாரர்கள் வாசற்கதவில் ரத்தத்தால் எழுதிய ‘பிக்’ (பன்றி) என்ற சொல்லை ஒட்டி அந்த ஸ்டுடியோவுக்கு ‘லெ பிக்’ என்று பெயர் வேறு வைத்தார். பிறகு ஒருநாள் டேட்டின் தங்கை அவரை நேரில் பார்த்து, என் அக்கா செத்த வீட்டில் இருந்துகொண்டு அவள் சாவை வியாபாரம் ஆக்குகிறாயா என்று கேட்டார். அதுவரைக்கும் அந்த வீடு தனக்கு ஒரு விசித்திரக் கதை மட்டும்தான், அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது உறைத்தது, வீட்டுக்குப் போய் அழுதேன் என்று ரெஸ்னரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பத்தில் அவ்வளவு இரைச்சலுக்கும் நடுவில் இன்றைக்கு நிற்பது எது? கடைசிப் பாட்டு, ‘ஹர்ட்’. ஆல்பத்திலேயே ரொம்ப ஒடுங்கிப்போன பாட்டு. 2002-இல் வயதான ஜானி கேஷ் அதை எடுத்துப் பாடியபோது இன்னும் குறைத்து, கிடாரும் பியானோவும் கரகரத்த குரலும் மட்டும் என்று ஆக்கினார். இனி அது என் பாட்டு இல்லை என்று ரெஸ்னரே விட்டுக்கொடுத்துவிட்டார்.

இரவல் வன்முறை என்றால் நிக் கேவைச் சொல்லாமல் முடியாது. 1996-இல் ‘மர்டர் பாலட்ஸ்’ என்று முழு ஆல்பமே கொலைப் பாட்டுகளாகப் போட்டவர், அதில் ஒரு பாட்டு கால் மணி நேரம் ஓடும், மதுக்கடைக்குள் ஒருவன் வரிசையாக ஆட்களைக் கொன்றுகொண்டே போவான், கேவ் அதை ரசித்து ரசித்துப் பாடியிருப்பார். 2015 ஜூலையில் அவருடைய பதினைந்து வயது மகன் பிரைட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாறை முகட்டிலிருந்து விழுந்து இறந்தான். அடுத்த வருடம் வந்த ‘ஸ்கெலிட்டன் ட்ரீ’ ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே எழுதப்பட்டவை. முதல் பாட்டின் முதல் வரியே நீ வானத்திலிருந்து விழுந்தாய் என்று தொடங்குகிறது, அதுவும் முன்பே எழுதியதுதான். இதைப் படித்தபோது எனக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். அவர் துக்கம் முழுசாக வந்து இறங்கியது 2019-இன் ‘கோஸ்டீன்’ ஆல்பத்தில். அதில் டிரம்ஸ் கிட்டத்தட்டக் கிடையாது. தாளம் இல்லாமல் சிந்தசைசர் ஒலிகள் மேலெழுந்து மிதக்கின்றன, கதைசொல்லி கேவ் காணாமல் போய்விட்டார், நம்ப வேண்டும் என்று கெஞ்சுகிற ஒரு மனிதர் பாடுகிறார். 1997-இல் ‘இன்டு மை ஆர்ம்ஸ்’ பாட்டைத் தொடங்கும்போதே, நம் காரியங்களில் தலையிடும் கடவுளை நான் நம்பவில்லை என்று சொன்னவர் இவர். மகன் போன பிறகு தேவாலயத்தின் பக்கம் நெருங்கிப் போயிருக்கிறார். துக்கம் நம்பிக்கையை அழிக்கும் என்று நாம் ஒரு திசையை மட்டும் போட்டு வைத்திருக்கிறோம், இவருக்கு எதிர்த் திசையில் நடந்தது.

நம்பிக்கை இழப்பைப் பாடும் ராக் பாட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறவர்கள் ஒன்றை மட்டும் வைக்க மாட்டேன் என்கிறார்கள். கடவுளை ‘நீ’ என்று கூப்பிடுவதை. எக்ஸ்டிசி பேண்ட் 1986-இல் போட்ட ‘டியர் காட்’ கடவுளுக்கு எழுதிய கடிதம், ஒரு சிறுமியின் குரலில் தொடங்கும். பட்டினி, போர், நோய் என்று குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு, நான் நம்பாத ஒன்று இருக்கிறதென்றால் அது நீதான் என்று முடியும். இல்லாத ஒருவரிடம் இவ்வளவு மரியாதையாக முகவரி போட்டு எழுதுவானேன்? முதலில் ஆல்பத்தில் இதைச் சேர்க்காமல் ஒரு சிங்கிளின் (ஒரு பாட்டுக்காக வெளியிடும் சின்ன ரெக்கார்டு) பின்பக்கத்தில் போட்டார்கள், அமெரிக்க வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டுப் பிரபலமாக்கிய பிறகு ஆல்பத்துக்குள் வந்தது. சிஸ்டம் ஆஃப் எ டவுன் பேண்டின் ‘சாப் சூயி’ பாட்டில், அவ்வளவு வெறி பிடித்த கத்தலுக்கும் நடுவே திடீரென்று எல்லாம் அடங்கி, சிலுவையில் இயேசு சொன்ன சொற்கள் வருகின்றன, என்னை ஏன் கைவிட்டீர். அந்த நான்கு பேருமே அர்மீனிய இனப்படுகொலையில் தப்பியவர்களின் வழிவந்தவர்கள். ஆல்பம் வெளிவந்தது 2001 செப்டம்பர் 4, அடுத்த வாரமே இரட்டைக் கோபுரம் இடிந்தது, கிளியர் சேனல் வானொலி நிறுவனம் தவிர்க்க வேண்டிய பாட்டுகள் என்று சுற்றுக்கு விட்ட பட்டியலில் இதுவும் இருந்தது. ஜான் லென்னனின் ‘இமேஜின்’ பாட்டும் அந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்தால் யார் என்ன யோசித்துத் தயாரித்தார்கள் என்றே புரியாது. இயேசுவின் அந்தக் கேள்வியும் அவர் புதிதாகக் கேட்டதில்லை, பழைய சங்கீதம் ஒன்றின் முதல் வரி. அதாவது கைவிட்டாயே என்று கடவுளைக் கேட்பது வேதத்துக்குள்ளேயே பாட்டாக இருந்திருக்கிறது. ராக் அதற்கு ஆம்ப்ளிஃபையர் மாட்டியது.

இதில் மெட்டாலிகா கொஞ்சம் விலகி நிற்கிறது. அந்த பேண்டின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெற்றோர் கிறிஸ்டியன் சயன்ஸ் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஜெபம்தான் குணமாக்கும், மருந்து கூடாது. பள்ளியில் உடல்நலப் பாடம் நடக்கும்போது அவர் வகுப்பில் இருக்கக் கூடாது, வெளியே போய் நிற்க வேண்டும். அப்பா வீட்டை விட்டுப் போனார், அம்மாவுக்குப் புற்றுநோய், மருத்துவத்தை ஏற்கவில்லை, 1980-இல் இறந்துவிட்டார், பையனுக்குப் பதினாறு வயது. பதினோரு வருடம் கழித்து 1991-இன் கறுப்பு ஆல்பத்தில் ‘தி காட் தட் ஃபெயில்ட்’ வருகிறது. எண்பதுகளில் உலகத்திலேயே வேகமாக வாசித்த பேண்டுகளில் ஒன்று, இந்தப் பாட்டில் வேகத்தை எடுத்துவிட்டு, கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) ஒன்றை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். நன்றாகக் கேட்டால், ‘நீ’ என்று அவர் கூப்பிடுவது கடவுளை இல்லை. உன் கண்ணில் நம்பிக்கையைப் பார்க்கிறேன், உன் அழுகையில் நம்பிக்கையைக் கேட்கிறேன் என்கிறார். அது நம்பியவரிடம் பேசுவது, எனக்கு அது அம்மாவிடம் பேசுவதாகத்தான் கேட்கிறது. கடவுளோடு சண்டை போட்டால் சமாதானமாகவாவது ஒரு வழி இருக்கும், நம்பிச் செத்துப்போன அம்மாவோடு எப்படிச் சண்டை போடுவது, யார் பதில் சொல்வார்கள்? மெட்டல் என்றால் வெறும் கூச்சல் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

லென்னனும் அம்மாவைத்தான் கூப்பிட்டார். அவருக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது, 1958-இல், அம்மா கார் மோதிச் செத்துப்போனார், ஓட்டியவர் பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரர். 1970-இல் ஆர்தர் யானோவின் ‘பிரைமல் தெரபி’ சிகிச்சைக்குப் போனார், சின்ன வயது வலியைக் கத்தி வெளியே கொண்டுவரச் சொல்லும் முறை. அந்தச் சிகிச்சையைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை, ஆனால் அதிலிருந்து வந்த ‘பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்’ ஆல்பத்தின் மீது இருக்கிறது. சாவு மணியோடு தொடங்கும் ‘மதர்’, முடிவில் அம்மா போகாதே, அப்பா வீட்டுக்கு வா என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இங்கே சத்தம் கூடுகிறதே என்று கேட்கலாம். கூடுவது குரல் மட்டும், பின்னால் ஒரு பியானோ, ஒரு பேஸ், ரிங்கோவின் டிரம்ஸ், அவ்வளவுதான். தயாரிப்பாளர்களில் ஒருவர் ஃபில் ஸ்பெக்டர், நூறு வாத்தியத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெயர் வாங்கியவர், அவரையே இந்த ஆல்பத்தில் சும்மா உட்கார வைத்துவிட்டார்கள். ‘காட்’ பாட்டில் தான் நம்பாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார், பைபிள், இயேசு, புத்தர், மந்திரம், கீதை, யோகா, எல்விஸ், டிலன் என்று போய் பீட்டில்ஸில் வந்து நிற்கிறது. இரண்டு மூன்று வருடம் முன்னால் ரிஷிகேசத்துக்குப் போய்த் தியானம் பழகியவர் என்பதால் அந்த மந்திரமும் யோகாவும் சும்மா வந்தவை இல்லை. மில்லியன் பேருக்குக் கடவுள் மாதிரி இருந்தது பீட்டில்ஸ்தான், அதையும் போட்டு உடைத்தார். அப்புறம் மிச்சம், நானும் என் மனைவி யோகோவும். இந்த இடம் எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும், எல்லாவற்றையும் உதறியவர் கடைசியில் ஒரு ஜோடிக்குள் போய் அடைந்துகொள்கிறாரே என்று. ஆனால் முப்பது வயதில் அவருக்கு வேறு எது இருந்தது என்றும் தோன்றும்.

அயர்லாந்தின் யூ2 பேண்ட் பற்றி எனக்குக் கலவையான எண்ணம்தான். 1972 ஜனவரி 30 வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் படையினர் சுட்டு பதின்மூன்று பேர் அன்றே செத்த சம்பவத்தைத் தொட்ட ‘சண்டே ப்ளடி சண்டே’ நல்ல பாட்டு, ராணுவ அணிவகுப்பு மாதிரியான அந்த டிரம்ஸ் யாரையும் நிமிர வைக்கும், ஆனால் வெள்ளைக் கொடியைத் தூக்கிக்கொண்டு மேடையில் நடப்பதெல்லாம் சேர்ந்து அதை ஒரு காட்சியாக்கிவிட்டது. அதே பேண்ட் 2000-இல் போட்ட ‘பீஸ் ஆன் எர்த்’ பற்றி யாரும் பேசுவதில்லை. 1998 ஆகஸ்டில் அதே வட அயர்லாந்தின் ஓமா நகரில் குண்டு வெடித்து 29 பேர் செத்ததற்குப் பிறகு எழுதியது. செத்தவர்களில் சிலரின் பெயர்களை மட்டும் சொல்கிறார் பாடகர் போனோ, வானொலியில் வாசித்தார்களாம், இவர்களுடைய உயிர் எந்தப் பெரிய கொள்கையையும்விடப் பெரியது என்று. தீவிரக் கிறித்தவரான அவர் இயேசுவிடம் நேராகப் பேசுகிறார், கிறிஸ்துமஸ் பாட்டில் வரும் அந்தச் சமாதானம் என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்கிறார். அவர்களுடைய வழக்கமான வீரம் அந்தப் பாட்டில் இல்லை, அதனாலேயே அது கச்சேரிக்குச் சரிப்பட்டு வராத பாட்டு.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் விஷயத்திலும் எனக்கு இதே வழக்கு. செப்டம்பர் 11-க்குப் பிறகு 2002-இல் வந்த ‘தி ரைசிங்’ ஆல்பத்தைப் பலரும் கொண்டாடுகிறார்கள், நிறையப் பேருக்கு அது ஆறுதலாக இருந்தது, அதை மறுக்கவில்லை. எனக்கு அதில் தேறுதல் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுகிறது. 1982-இன் ‘நெப்ராஸ்கா’ அப்படியில்லை. வீட்டில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் தனியாகப் பாடி வைத்துக்கொண்டு, பிறகு பேண்டோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்து, சரிவராமல் அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார். ஒரு கொலைகாரனின் வாயால் தொடங்கி, இதெல்லாம் நடந்த பிறகும் மனுஷர்கள் எதையாவது நம்பிக்கொண்டு எழுந்திருக்கிறார்களே என்ற வியப்பில் முடியும். அது பாராட்டா, கிண்டலா என்று இன்று வரைக்கும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள்.

இந்தக் கழற்றி வைக்கும் வேலையின் கடைசி எல்லைக்குப் போனவர் மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடும் ஃபில் எல்வெரம். 2016-இல் மனைவி புற்றுநோயில் இறந்தார், கைக்குழந்தை இருக்கிறது. மனைவி இறந்த அறையிலேயே, பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களையே வைத்துப் பதிவு செய்த ஆல்பம் 2017-இல் வந்தது. முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார், சாவு நிஜம், அது பாடுவதற்கானது இல்லை, கலை ஆக்குவதற்கானது இல்லை. பாடிக்கொண்டே சொல்கிறார் என்பதுதான். மனைவி சாவதற்கு முன் குழந்தைக்காக ரகசியமாக ஆர்டர் செய்திருந்த பள்ளிப்பை, செத்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து சேருகிறது. உவமை, படிமம் எதுவும் கிடையாது, நடந்ததை நடந்தபடி. மெட்டுகூட ஒழுங்காக இல்லை. இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், தானாகத் தேடிப் போனால் தடுக்கவும் மாட்டேன்.

இப்போது பொருந்தாத பாட்டு. 1993 மார்ச் 20, இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் ஐஆர்ஏ (வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஆயுதக் குழு) வைத்த குண்டுகளில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள், ஒருவனுக்கு மூன்று வயது, இன்னொருவனுக்குப் பன்னிரண்டு. கிரான்பெரிஸ் பேண்டின் பாடகி டொலோரெஸ் ஓ’ரியர்டன் அதற்காக எழுதியது ‘ஜோம்பி’. அதுவரைக்கும் அந்த பேண்டுக்கு மென்மையான கனவுப் பாட்டுகள்தான் அடையாளம். இந்தப் பாட்டுக்கு அவர் எதையும் கழற்றவில்லை, டிஸ்டார்ஷனைப் போட்டார், டிரம்ஸை ஓங்கச் சொன்னார், குரலை உடைத்து உடைத்துக் கத்தினார். ஐரிஷ்காரியான அவர், அயர்லாந்தின் பெயரால் கொன்றவர்களைப் பார்த்து, இது நானில்லை, என் குடும்பம் இல்லை என்று சொன்னார். அடக்கமாகப் பாடியிருந்தால் இது இரங்கல் பாட்டாகப் போயிருக்கும், கத்தியதால்தான் குற்றச்சாட்டாக நிற்கிறது. என் கணக்கு இந்தப் பாட்டில் உடைகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

2023 ரக்பி உலகக் கோப்பையில் அயர்லாந்து ரசிகர்கள் மைதானம் முழுக்க இதைச் சேர்ந்து பாடினார்கள். குழந்தைகள் செத்த பாட்டை வெற்றிப் பாட்டாக்கலாமா என்று ஒரு பக்கம், இது அமைதிக்கான பாட்டுதானே, எல்லாரும் பாடட்டும் என்று இன்னொரு பக்கம், பிரிட்டிஷ் படை கொன்ற எங்கள் ஆட்களைப் பற்றி ஏன் இப்படி ஒரு பாட்டு இல்லை என்று வட அயர்லாந்திலிருந்து மூன்றாவதாக ஒரு குரல். அந்த மூன்றாவது கேள்விக்கு ரசிகர்களிடம் பதில் இல்லை, ராக்கிடமும் இல்லை. மற்ற இரண்டில் நான் பாடட்டும் என்கிற பக்கம்.